கழிக்கப்பட்ட வானம்

ததேயு உறங்கவில்லை. இவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றி அறிந்தவர் உலகில் ஒருவரே. அவரும் ததேயுவே ஆவார். ஏனையோர் அனைவரும் அவன் உறங்கினான் என்றே நம்பினர். அரசு நம்பியது, செய்தித்தாள்கள் நம்பின, அவன் பிறந்து வளர்ந்த மணத்துறை என்னும் கடற்கரை ஊரும் நம்பியது. ஊரின் நம்பிக்கை அவனுடைய வீட்டுச் சுவரில் கரித்துண்டால் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது: ‘ஒறங்கினவன் வீடு.’

ஆழிப்பேரலை முப்பத்தேழு பேரைக் கொண்டுபோனதற்குப் பின் இருபத்தொன்பதாம் நாள் காலையில், அவன் சுண்ணாம்பு வாளியுடன் அச்சுவரின் முன் நின்றான். இது நான்காவது வெள்ளையடிப்பு. ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு காய்ந்த மறுநாளே எழுத்து திரும்பி வந்தது. எழுதுகிறவர் யார் என்பதும் இரகசியமன்று. அவனுடைய பெரியப்பா மகன் சூசையின் மனைவி லில்லிபுஷ்பமே அவள். சூசையும் அவளுடைய தம்பியும் வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அலை வந்தது. தம்பியின் உடல் கிடைத்தது. சூசையின் உடல் கிடைக்கவில்லை.

அவள் குடத்துடன் அவ்வழியே வந்தாள், நின்றாள், சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அடிலே, நல்லா அடி. நாளைக்கு எழுதுகதுக்கு எடம் வேணும்.”

“மைனி, நான் ஒறங்கல.”

“ஒறங்காம இருந்தா பாத்திருப்ப. பாத்திருந்தா சொல்லியிருப்ப. நீ சொல்லல. பின்ன என்னலே செஞ்சிட்டு இருந்த அங்க?”

அவன் வாளியின் பக்கம் திரும்பினான். மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துச் சுவரில் அறைந்தான். அவள் போன பிறகும் அறைந்துகொண்டே இருந்தான். அவள்மீது அவனுக்குச் சினம் இல்லை. மலைமேல் அமர்ந்துகொண்டு ‘பணி நேரத்தில் உறக்கம்’ என்று மூன்று சொற்களில் அறிக்கை எழுதிய கையின்மீதுதான் சினம். அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக அவனுக்குத் தெரியும். அதில் ஒரு நீலக்கல் மோதிரம் இருக்கும்.

கூந்தல்மலை வான் ஆய்வகம் குமரிக் கடலை நோக்கி நிற்பது. அங்குள்ள தொலைநோக்கியில் அகல்புலக் கேமரா ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. சிவப்பு நிறத்திற்கு அப்பால், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் அது படம் எடுக்கும். ஒரே பார்வையில், நாற்பது முழுநிலாக்களை வரிசையாக வைத்தால் அடங்கும் அகலத்தை அது விழுங்கவல்லது. விண்மீன்களை எண்ணுவதற்காக நிறுவப்பட்ட அக்கருவிக்கு, ஆறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது கடமை ஒன்று கொடுக்கப்பட்டது. அக்கடமையை மணத்துறை மக்களுக்கு விளக்கிக் கூறியவன் ததேயுதான். பதினோர் ஆண்டுகளாக அவன் அத்தொலைநோக்கியின் இரவு இயக்குநராகப் பணியாற்றி வந்தான்.

கோவில் மண்டபத்தில் நடந்த அக்கூட்டத்தில் அவன் நெஞ்சு நிமிர்த்திப் பேசினான். அந்த ஒளியில் பார்த்தால் இரவு வானம் கருப்பாக இராது என்றான். எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றே தானாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. விண்மீன்கள் அவ்வொளிர்வுக்குள் அமிழ்ந்து கிடக்கின்றன. ஆகவே கேமரா முதலில் விண்மீன் பகுதியைப் படம் எடுக்கும். பிறகு சற்றே திரும்பிப் பக்கத்து வெறும் வானத்தைப் படம் எடுக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கும். “மீனக் கூடையோட நிறுத்துட்டு, வெறுங்கூடைய நிறுத்துக் கழிக்கோம்லா, அதுபோலத்தான்” என்று அவன் சொன்னபோது மண்டபமே தலையசைத்தது. ஆழ்கடலில் பேரலை ஓடும்போது அதற்கு மேலுள்ள காற்றையும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மேலே செல்லச் செல்ல அந்த அசைவு பெருகி, வான் ஒளிர்வில் வரிவரியாகத் தோன்றும். அலை கரையைத் தொடுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே அவ்வரிகள் தெரியும். தெரிந்தவுடன் மலையில் மணி அடிக்கும். மணத்துறையில் சங்கு ஒலிக்கும். நிலநடுக்கம் இல்லாமல், கடலடிச் சரிவு ஒன்று ஓசையின்றிச் சரிந்து எழுப்பும் அலைக்கும் இது பொருந்தும் என்றான். அரை நூற்றாண்டுக்கும் முன்பு, 2004-இல் வந்த சுனாமியை நேரில் கண்டவர்கள் ஊரில் மிகச் சிலரே மிஞ்சியிருந்தனர். அவர்களுள் ஒருவர் எழுந்து வந்து அவன் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய சரிவே நேர்ந்தது. நிலநடுக்கமானிகள் அசையவில்லை. மலையில் மணி அடிக்கவில்லை. விடியற்காலை நான்கு மணி பதின்மூன்று நிமிடத்திற்கு அலை வந்தது.

விசாரணை மறுநாள் காலையில் நடைபெறவிருந்தது. ததேயு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முற்பகல் பேருந்தில் மலைக்குச் சென்றான்.

ஆய்வக இயக்குநர் முனைவர் வில்வநாதன் அவனைக் காக்க வைக்கவில்லை. உட்காரச் சொன்னார். உயர்ந்தோர் சிலருக்கு, தாம் அழிக்கவிருக்கும் மனிதனிடம் மிகுந்த கனிவு சுரப்பது வழக்கம். அவர் மேசையில் ஒரு தாள் ஆயத்தமாக இருந்தது. தொடர்ச்சியான இரவுப் பணியால் ஏற்பட்ட சோர்வின் காரணமாகத் தான் சிறிது நேரம் கண்ணயர்ந்துவிட்டதாக ததேயு ஒப்புக்கொள்ளும் நான்கு வரிகள் அதில் இருந்தன. கையெழுத்திட்டால் பணிநீக்கம் இராது. அடிவாரத்து அலுவலகத்தில் பகல் வேலை கிடைக்கும். தூங்குவது மனித இயல்பு, அதைச் சட்டமும் புரிந்துகொள்ளும் என்று அவர் விரிவாக எடுத்துரைத்தார்.

ததேயு தாளைத் தொடவில்லை. “மணி ஏன் அடிக்கல, சார்?” என்று கேட்டான்.

“மணி ஒரு உதவிக்குத்தான் ததேயு. படத்தைப் பாக்கத்தானே ஆள் வெச்சிருக்கோம்?”

“படத்துல ஒண்ணும் இல்ல. ராத்திரி முழுக்கப் பாத்தேன்.”

“அப்படியா? மூணே முக்காலுக்கு விழிப்புப் பொத்தானை நீங்க அழுத்தல.”

இருக்கையில் ஆள் இருப்பதை உறுதிசெய்யக் கால் மணிக்கொரு முறை அழுத்தவேண்டிய பொத்தான் அது. அன்றிரவு முப்பத்திரண்டு முறை அழுத்த வேண்டியதில் ஒரேயொரு முறை தவறியிருந்தது.

“டீ ஊத்தப் போனேன். வந்து அடுத்ததுக்கு அழுத்துனேன்.”

வில்வநாதன் பேனாவைத் திறந்து, எழுதுவதற்கு ஆயத்தமானவர்போலத் தாளின்மேல் வைத்தார். “சரி, மாத்திடலாம். முப்பத்தேழு பேரை அலை அடிச்சுட்டுப் போறதுக்கு அரை மணி முன்னால, இவர் டீ ஊத்தப் போயிருந்தார். இப்படி எழுதவா? நாளைக்கு உங்க ஊர்க்காரங்க முன்னால இதைத்தான் வாசிப்பாங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.”

நீலக்கல் மின்னியது. ததேயு எழுந்தான். அந்த மேசையை அப்படியே கவிழ்த்துவிடும் வலிமை தன் தோள்களில் இருப்பதை உணர்ந்தான். வள்ளம் தள்ளிய தலைமுறைகளின் தோள்கள் அவை. கவிழ்த்திருந்தால் அந்த நான்கு வரிகளுடன் ஐந்தாவது வரி ஒன்று சேர்ந்திருக்கும், அவ்வளவே. கதவை மட்டும் அறைந்து சாத்திவிட்டு வெளியேறினான்.

நடைபாதையின் கடைசியில், தரவு அறையின் கதவருகே அங்கயற்கண்ணி நின்றிருந்தார். மதுரைக்காரர், ஐம்பது வயது கடந்தவர். கேமராவின் படங்களைக் கழித்துச் சீராக்கும் மென்பொருளை எழுதியவர் அவரே. அவர் கைகாட்டி அவனை உள்ளே அழைத்துத் தாழிட்டார்.

“மூணு நாளா இதைத்தான் தோண்டிக்கிட்டு இருக்கேன். கோபப்படாம கேளுங்க. இல்ல, கோபப்பட்டே கேளுங்க. தொலைநோக்கி வானத்துக்குத் திரும்புறது முன்னாடி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை?”

“நாலு.”

“இப்ப?”

“பன்னெண்டு. போன மார்ச்ல இருந்து.”

அவ்வளவு பெரிய கருவியை ஒவ்வொரு முறை திருப்பி நிலைப்படுத்துவதற்கும் நேரம் செலவாகிறது. திருப்பங்களைக் குறைத்தால் ஓர் இரவில் மேலும் ஒன்றரை மணி நேரம் விண்மீன்களைப் பார்க்கலாம். இருபது கோடி மங்கலான விண்மீன்களின் பட்டியலை அயல்நாட்டுக் குழு ஒன்று வெளியிடுவதற்கு முன்னர் வெளியிட்டுவிட வேண்டும் என்பது வில்வநாதனின் வாழ்நாள் வேட்கை. அதற்காக ஒரு சுற்றறிக்கை வந்தது. நான்கு பன்னிரண்டு ஆயிற்று. இவையெல்லாம் ததேயு அறிந்தவையே.

“உங்க மீன்கூடைக் கதையை நீங்க எங்களுக்கும் சொல்லியிருக்கீங்க,” என்றார் அங்கயற்கண்ணி. “மீனோட ஒரு தடவை நிறுக்கணும், வெறுங்கூடைய ஒரு தடவை நிறுக்கணும். வெறுங்கூடைன்னு நாம நினைச்ச கூடைக்குள்ளயும் அதே அளவு மீன் இருந்தா?”

“கழிச்சா ஒண்ணும் இருக்காது.”

“இந்த அலையோட ஒரு வரி வந்து போயி, அடுத்த வரி அதே இடத்துக்கு வர எவ்வளவு நேரம் தெரியுமா? பன்னெண்டு நிமிஷம். படம் எடுத்தப்ப எந்த வரி இருந்துச்சோ, பன்னெண்டு நிமிஷம் கழிச்சு வெறும் வானம்னு எடுத்தப்பவும் அதே மாதிரி வரி அங்க நின்னுச்சு. என் மென்பொருள் அலையை வச்சே அலையைக் கழிச்சிருச்சு. நீங்க பாத்த திரையில அது இல்ல ததேயு. நீங்க பாத்தது நாங்க கழுவி வச்ச வானம்.”

அவர் விசையைத் தட்டினார். கழிக்கப்படாத மூலப்படங்கள் முப்பது நாள் மட்டுமே சேமிப்பில் வைக்கப்படும். அதன்பின் தாமாக அழிந்துவிடும். இது இருபத்தொன்பதாம் நாள். எஞ்சியிருந்த அம்மூலப்படங்களை எடுத்து, அலையில்லாத முந்தைய இரவு ஒன்றின் வானத்தைக் கொண்டு கழித்திருந்தார். திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. தென்மேற்கு மூலையிலிருந்து அகன்ற வெளிர்வரி ஒன்று நகர்ந்தது. அதன்பின் ஒரு கருவரி. அதன்பின் மீண்டும் வெளிர்வரி. உழுத நிலம்போல வானம் முழுவதும் வரிகள். முதல் வரி தோன்றிய நேரம் மூன்று மணி பதினைந்து நிமிடம். அலை கரையைத் தொட ஐம்பத்தெட்டு நிமிடங்கள் எஞ்சியிருந்தன. மணத்துறையின் கடைசி வீட்டிலிருந்து மேட்டுக் கோவிலுக்கு நடந்து செல்லப் பதினெட்டு நிமிடங்கள் போதும்.

ததேயு திரையின் முன் நின்றபடியே அதை மூன்று முறை ஓட்டச் சொன்னான். மூன்றாம் முறை முடிந்தபோது அவன் கைமுட்டி மேசையில் இறங்கியது. விசைப்பலகை துள்ளி விழுந்தது.

“பட்டியல். ஒரு பட்டியலுக்காக. செத்தவங்க பேரையும் ஒரு பட்டியல் போடச் சொல்லுங்க, மேடம். அது சின்னது. நாலு நிமிஷத்துல முடிஞ்சிரும்.”

அங்கயற்கண்ணி விசைப்பலகையை எடுத்து வைத்தார். “அந்தச் சுற்றறிக்கையில மூணு கையெழுத்து இருக்கு. ஒண்ணு என்னோடது. இந்த மாதிரி அலை பத்து நிமிஷத்துக்கும் பதினஞ்சு நிமிஷத்துக்கும் இடையிலதான் ஆடும்னு எனக்குத் தெரியும். மூணு மாசம்தானே, பட்டியல் முடியட்டும்னு போட்டேன். நாளைக்கு அதையும் சொல்லப் போறேன்.”

அவனால் அவரைத் திட்ட முடியவில்லை.  இருபத்தொன்பது நாட்களில் முதல் முறையாக, நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்திருந்த பாரம் சற்றே இறங்கிற்று. அவன் உறங்கவில்லை. வானமே அதற்குச் சான்று கூறும். நாளை லில்லிபுஷ்பம் அதைக் கேட்பாள்.

ஆயினும் அங்கயற்கண்ணி இன்னும் ஏதோ சொல்லவேண்டியவராக விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மூலப்படங்களை எவரும் திருத்தவில்லை என்று மெய்ப்பிக்க, யார் எப்போது அவற்றைத் திறந்தார் என்னும் பதிவையும் அறிக்கையுடன் இணைக்க வேண்டும் என்று அவர் கூறினார். அப்பதிவைத் திரையில் காட்டினார். பெரும்பாலும் அவருடைய பெயரே இருந்தது. முதல் இரண்டு வரிகளில் மட்டும் வேறு பெயர். மூன்று மணி இருபத்தொரு நிமிடம், ததேயு, திறப்பு. மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம், ததேயு, மூடல்.

இரவு இயக்குநர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மூலப்படத்தை அவர்கள் ‘அழுக்குப்படம்’ என்பர். கண்ணாடியில் பனி படிந்துள்ளதா என்று பார்க்க ஓர் இரவில் நான்கைந்து முறை அதைத் திறப்பர், பார்ப்பர், மூடுவர். அதில் எப்போதும் ஏதேனும் படலமும் கறையும் கோடும் இருக்கும். அவற்றைப் பொருட்படுத்தினால் வேலை ஓடாது. புதிதாகச் சேருவோருக்கு ததேயுவே பாடம் நடத்தியிருக்கிறான்: அழுக்கைப் பார்த்துப் பயப்படாதே, கழுவினதைப் பார்.

அவன் அவ்விரண்டு வரிகளையும் வெறித்துப் பார்த்தான். முதலில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பின்பு வந்தது. அகன்ற ஒரு வெளிர்வரி, மூலையில். அதன் பக்கத்தில் இன்னொன்று தொடங்கும் சாயல். மெல்லிய மேகம் என்று எண்ணினான். எண்ணினான் என்பதும் மிகை. விரல் தானாக மூடியது. கழுவிய படத்திற்குத் திரும்பினான். அது தூய்மையாக இருந்தது. அப்போது மணி மூன்று இருபத்திரண்டு. அலை வர ஐம்பத்தொரு நிமிடங்கள் இருந்தன.

அவன் அலையைப் பார்த்திருக்கிறான். ஒரு நிமிடம் முழுவதும், விழித்த கண்களுடன்.

“மேகம்னுதான் யாரும் நினைப்பாங்க,” என்றார் அங்கயற்கண்ணி. “நானா இருந்தாலும் மூடியிருப்பேன். ஆனா வில்வநாதன் இதை விடமாட்டார். பன்னெண்டு நிமிஷத்தை மறைச்சிட்டு, இந்த ஒரு நிமிஷத்தைத்தான் பிடிச்சுக்குவார்.” திரையில் அந்த முதல் இரண்டு வரிகளை விரலால் மறைத்தார். “பதிவை மறுநாள் காலையில இருந்து தொடங்கலாம். கேக்கமாட்டாங்க. கேட்டா, நான் திறந்ததுல இருந்துதான் கொடுத்தேன்னு சொல்லிக்கலாம்.”

சன்னலுக்கு வெளியே பகல் வானம் எக்கறையுமின்றி நீலமாக இருந்தது. அதைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாயிற்று.

“அந்த ரெண்டு வரியையும் எடுத்துருங்க, மேடம்,” என்றான்.

மறுநாள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் கூடத்தில் விசாரணை நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஹமீதா தலைமை வகித்தார். மணத்துறையிலிருந்து இரண்டு வேன்களில் மக்கள் வந்திருந்தனர். இடம் போதாமையால் பலர் சுவரோரமாக நின்றனர். லில்லிபுஷ்பம் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். மடியில் சூசையின் படம், கண்ணாடிச் சட்டத்துடன்.

அங்கயற்கண்ணி ஒன்றரை மணி நேரம் பேசினார். மீன்கூடையை எடுத்துக்காட்டியபோது கூடம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கிற்று. அவ்வெடுத்துக்காட்டின் பொருளை அம்மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. திரையில் வரிகள் ஓடியபோது ஒரு முதியவர் ‘மூணே கால்’ என்று வாய்விட்டுச் சொன்னார். தம்முடைய கையெழுத்தையும் அங்கயற்கண்ணி மறைக்கவில்லை. வில்வநாதன் எழுந்து, சுற்றறிக்கை கூட்டு முடிவு என்றும், அறிவியல் ஆய்வில் முன்கூட்டி அறியவியலாத விளைவுகள் உண்டென்றும் வாதிட்டார். நீதிபதி ஒரு வினாவே தொடுத்தார். மென்பொருளை எழுதியவருக்குத் தெரிந்த ஒன்றை ஆய்வக இயக்குநர் கேட்டறிய எத்தனை நிமிடங்கள் ஆகியிருக்கும் என்று.  வில்வநாதன் மோதிர விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இடைக்கால ஆணை அங்கேயே வாசிக்கப்பட்டது. அன்று மாலை முதல் தொலைநோக்கி மீண்டும் நான்கு நிமிடத்திற்கு ஒரு முறை திரும்ப வேண்டும். மூலப்படங்கள் அழிக்கப்படுதல் கூடாது. ஆய்வக இயக்குநரின் பொறுப்பு தனியே விசாரிக்கப்படும். இரவு இயக்குநர் ததேயு உறங்கினார் என்னும் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாததால் கைவிடப்படுகிறது.

கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. அப்பார்வைகளில் பகை இல்லை. லில்லிபுஷ்பம் எழுந்து வந்தாள். ஒரு கையால் படத்தை மார்போடு அணைத்தபடி, மறு கையால் அவன் முழங்கையைப் பற்றினாள்.

“தப்பா எழுதிட்டேம்லே. சுண்ணாம்பு இருக்கா வீட்டுல? நானே வந்து அடிச்சுத் தாறேன்.”

இச்சொற்களுக்காகவே அவன் இருபத்தொன்பது நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவை கிடைத்துவிட்டன. இனி அவன் செய்யவேண்டியது தலையசைப்பது மட்டுமே. அங்கயற்கண்ணி அறையின் மறுகோடியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையில் இருந்த கையின் சூடு அவனுக்குப் பொறுக்கவில்லை. மெல்ல அதை விலக்கினான். நீதிபதியை நோக்கித் திரும்பினான்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். நான் ஒறங்கலதான். கழுவாத படத்தையும் பாத்தேன். மூணு இருபத்தொண்ணுக்குத் தெறந்தேன். அந்த வரி அதுல இருந்துச்சு. மேகம்னு நெனச்சு மூடிட்டேன். நான் தெறந்தது பதிவுல இருந்துச்சு. எடுத்துரச் சொன்னது நான்தான். மேடம் இல்ல.”

தட்டச்சர் கையை நிறுத்தினார்.  முதலில் பேசியவர் வில்வநாதன்தான். தாம் தொடக்கத்திலிருந்தே கூறிவந்தது இதுவே என்றும், கருவி எத்தகையதாயினும் கடைசியில் பிழை செய்வது மனிதனே என்றும் அவர் தொடங்கினார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். அவருக்கு உரியதை எழுதியாயிற்று என்றும், பிறருடைய குற்றத்தில் ஒரு நிமிடத்தைக் கடன்வாங்கித் தம்முடைய பன்னிரண்டு நிமிடத்தை அடைக்க முடியாதென்றும் கூறினார்.

அதன்பின் கூடம் பொங்கியது. பின்வரிசையிலிருந்து ஒருவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். காவலர் இருவர் பிடித்து நிறுத்தினர். வேலையைவிட்டுத் துரத்துங்கள் என்றனர் சிலர். சிறையில் அடையுங்கள் என்றனர் சிலர். உறங்கியிருந்தாலாவது மன்னித்திருக்கலாம் என்று ஒருத்தி அழுதாள்.  யார்மீது சினம் கொள்வது என்று இத்தனை நாள் ததேயுவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அத்தெளிவு இப்போது போய்விட்டது. சினம் மட்டும் அப்படியே இருந்தது.

நீதிபதி மேசையைத் தட்டி அமைதி கேட்டார். பணிநீக்கம் செய்யப் பரிந்துரைப்பது வழக்கம் என்றும், எழுதுவதற்கு முன் பாதிக்கப்பட்டோர் தரப்பில் ஒருவர் பேசலாம் என்றும் அறிவித்தார். எல்லாரும் லில்லிபுஷ்பத்தைப் பார்த்தனர்.

அவள் தன் இருக்கைக்குத் திரும்பியிருந்தாள். எழுந்தாள். ததேயுவின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. சூசையின் படத்தை நாற்காலியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இன்னிக்கு ராத்திரி அந்தக் கசேரையில ஆரு இருப்பா, அம்மா?” என்று கேட்டாள்.

நீதிபதி ஆய்வகத்தாரைப் பார்த்தார். ததேயு இடைநீக்கம் செய்யப்பட்ட நாள் முதல் அவ்விருக்கையில் ஆள் இல்லை என்றும், கருவி தானாகவே இயங்குகிறது என்றும், புதியவரை நியமித்துப் பயிற்றுவிக்க ஆறு மாதம் ஆகும் என்றும் ஓர் அலுவலர் தாழ்ந்த குரலில் தெரிவித்தார்.

“அப்ப இவன அனுப்பிராதீங்க,” என்றாள் லில்லிபுஷ்பம். அவள் குரலில் இரக்கம் சிறிதும் இல்லை. “அங்கயே இருக்கட்டு. சாவுகது வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அந்த அழுக்கையே பாத்துட்டு இருக்கட்டு. வீட்டுக்கு வந்தான்னா ஒறங்கிருவான்.”